பத்துப் பங்கு காது

செஞ்சி
29-8-65

சிரஞ்சீவி தம்பி சுந்தரமூர்த்திக்கு, உன் நைனா முருகையன் சொல்லச் சொல்ல, நெல் மண்டி சீதளநாத நயினார் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுதவும்.

தேதியை நயினார் மேலே போட்டுவிட்டார். என் கணக்குக்கு இது, தனுஷ்கோடியைக் கடல் விழுங்கின மார்கழியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தி வேண்டாமென்று ரோட்டில் நின்ற தையும் போய், அப்புறம் வந்த ஆவணி. இதைச் சொன்னதும் நயினார் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இப்போது ஊரில் நடப்பதே வருஷச் சண்டைதான்.

பச்சமுத்து செத்தது உனக்குத் தெரியும். கோட்டை அகழியை ஒட்டி அவன் உழுதுவந்த மடத்து மானிய நிலத்தை இப்போது அவன் பெண்சாதி குஞ்சம்மாள் பயிர் வைக்கிறாள். மானியத்தை எடுத்துவிட்டு உழுகிறவர்களுக்குப் பட்டா கொடுக்க ஆபீசர் வரப்போகிறார். நாற்பத்தெட்டாம் வருஷம் பங்குனிக்கு முன்பே உழ ஆரம்பித்திருந்தால் நிலம் அவளுக்கு. பின்னால் என்றால் மடத்துக்கு. கர்ணம் கணக்கில் மடத்துப் பெயர்தான் இருக்கிறது. உழுதவன் பெயரை யார் எழுதினார்கள்? அதனால் ஊரில் வயதான ஐந்து பேர் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே வருஷத்தைச் சொல்லும்வரை தாலுகா கச்சேரிப் படி ஏறக் கூடாது. அது நம் ஊர் வழக்கம்.

சந்தைக்குச் சந்தை மண்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்காருகிறோம். நான், நயினார், தாண்டவராயன், துரைக்கண்ணு, நம் சம்பந்தி பெரியதம்பி. சம்பந்தி மடத்துக் காரியஸ்தர் ஆயிற்றே, அனந்தபுரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்.

முதல் சந்தையில் ஆளுக்கொன்று சொன்னோம். தாண்டவராயன் நாற்பத்தேழு ஐப்பசி என்றான். நயினார் நாற்பத்தெட்டு ஆவணி. துரைக்கண்ணு நாற்பத்தொன்பது. சம்பந்தி ஐம்பது தை.

நான் நாற்பத்தேழு ஆடிக் கடைசி என்றேன். கச்சேரி வாசலில் கொடி ஏற்றி ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் கொடுத்தார்கள். நான் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்று ஒன்று வாங்கி, பச்சமுத்துவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அந்த நிலத்தில் அவனுக்கு முதல் ஏர். அவன் தன் வாயில் போடவில்லை. "சுதந்திரம் மாட்டுக்குந்தானே மாமா?" என்று வலத்து மாட்டுக்கு, அந்தக் காது கிழிந்த மயிலைக் காளைக்கு, ஊட்டிவிட்டான். கண்ணால் கண்டது.

உன் தங்கை ராஜாம்பாள் அனந்தபுரத்தில் மாமியார் வீட்டில் சௌக்கியம். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

இப்படிக்கு உன் நைனா, கைநாட்டு.

*

கல்கத்தா
14-9-65

அன்புள்ள நைனாவுக்கு நமஸ்காரம். நயினாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். நான் நலம். சண்டை நடப்பதால் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் இங்கே ஆராய்ச்சி செய்வதே இதைத்தான். ஆளுக்கொரு அபிப்பிராயத்தோடு உட்காருகிற கூட்டம், பேசிப் பேசி ஒரே அபிப்பிராயத்துக்கு எப்படி வருகிறது? அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கால் சொல்ல முடியுமா?

ஒவ்வொருவருக்கும் பத்துப் பங்கு காது இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துரைக்கண்ணு சித்தப்பா தன் பேச்சுக்கே இரண்டு பங்கு, தாண்டவராயன் மாமாவுக்கு நான்கு, உங்களுக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று என்று தன் காதைப் பிரித்துக் கொடுக்கிறார். அடுத்த சந்தையில் அவர் சொல்லும் வருஷம், அந்தப் பங்குப்படி எல்லோர் வருஷத்தையும் கலந்த கலவையாக இருக்கும். இப்படியே சந்தைக்குச் சந்தை கலந்துகொண்டே போனால் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பீர்கள்.

எனக்காக ஓர் உதவி செய்யுங்கள் நைனா. ஒவ்வொரு சந்தையிலும் யார் எந்த வருஷம் சொன்னார், யார் யாருக்குக் காது கொடுத்தார் என்று சொல்லி எழுதச் செய்யுங்கள். உங்கள் ஞாபகத்துக்கு ஈடாக இங்கே ஒரு மிஷினும் இல்லை.

உங்கள் மகன்,
சுந்தரமூர்த்தி

*

செஞ்சி
17-10-65

தம்பி சுந்தரமூர்த்திக்கு ஆசீர்வாதம். மழை பிடித்துக்கொண்டது. என் முழங்கால் அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டது. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தை நயினார் வேப்பமரத்தடியில் எல்லோருக்குமாகப் படித்தார். பத்துப் பங்கு காது என்றதும் ஒரே சிரிப்பு. "எனக்கு இருக்குறதே அரைக் காது. அதுல பத்துப் பங்கு எங்க போடுறது?" என்றான் துரைக்கண்ணு. "உம் பொண்டாட்டிக்கு ஒம்போது போட்டுட்டு மிச்சத்தை எங்களுக்குக் குடு" என்றான் தாண்டவராயன்.

நீ கேட்ட கணக்கு. இரண்டாம் சந்தை: தாண்டவராயன் நாற்பத்தெட்டு சித்திரைக்கு வந்தான். நயினார் நாற்பத்தெட்டுக் கடைசி. துரைக்கண்ணு நாற்பத்தொன்பது ஆடி. சம்பந்தி ஐம்பது தை. நான் நாற்பத்தேழு ஆடி. மூன்றாம் சந்தை: தாண்டவராயன் நாற்பத்தெட்டுக் கடைசி. நயினார் நாற்பத்தொன்பது. துரைக்கண்ணு நாற்பத்தொன்பது கார்த்திகை. சம்பந்தி ஐம்பது தை. நான் முன் சொன்னதே.

யார் காது யாரிடம் என்றால், தாண்டவராயன் சம்பந்திக்குப் பாதி கொடுக்கிறான். அவர் வண்டியில்தான் வீட்டுக்குப் போகிறான். நயினார் எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கிறார். (எழுதுகிற கை அவருடையது என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் குணமே அது.) துரைக்கண்ணு கடைசியாகப் பேசினவனுக்கு. சம்பந்திக்குப் பத்தும் அவருக்கே. "நான் சொல்றேன், நீங்க கேட்டுக்குங்க. எனக்கு இன்னா கேக்க வேண்டியிருக்குது?" என்கிறார்.

பச்சமுத்துவின் பெண்சாதியை ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். "சம்பந்தப்பட்டவளைக் கேட்டா சாட்சி எதுக்கு?" என்று சம்பந்தி வாயை அடைத்துவிட்டார். அவள் மண்டி வாசலோடு நின்று, நாங்கள் எழுந்திருக்கும்போது ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறேன்.

ராஜாம்பாள் குழந்தையோடு வந்திருக்கிறாள். தீபாவளிக்குத்தான். சும்மா, ஒரு வாரம் முன்னால்.

உன் நைனா, கைநாட்டு.

*

கல்கத்தா
8-11-65

அன்புள்ள நைனாவுக்கு, முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்க்கிறீர்களா? நான் நலம்.

நீங்கள் அனுப்பிய கணக்கு தங்கம். இங்கே என் பேராசிரியர் கரும்பலகையில் உங்கள் ஐந்து பேருக்கும் ஐந்து வரிசை போட்டு வைத்திருக்கிறார். தாண்டவராயன் என்ற பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

விடை வந்துவிட்டது நைனா. ஒரு கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சமாவது பிறருக்குக் காது கொடுத்து, ஒரே ஒருவர் மட்டும் யாருக்கும் கொடுக்காமல் இருந்தால், கடைசியில் அத்தனை பேரும் அந்த ஒருவரிடமே போய்ச் சேர்வார்கள். அவர் சொல்வது சரியா தப்பா என்பது கணக்கில் வரவே வராது. உங்கள் காதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பிறருக்கும் கொஞ்சம் கொடுப்பீர்கள் என்று நானே போட்டுக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் தை மாதத்துக்குள் உங்கள் ஐந்து பேர் வாயிலும் ஐம்பது தைதான் இருக்கும். பந்தயமே கட்டலாம்.

ராஜாம்பாள் ஏன் மாப்பிள்ளை இல்லாமல் வந்தாள்? தீபாவளி முடிந்து திரும்பிப் போனாளா?

சுந்தரமூர்த்தி

*

செஞ்சி
2-12-65

தம்பிக்கு ஆசீர்வாதம். சுகம்.

உன் கடிதம் வந்த அன்றைக்குச் சந்தை. வழக்கம்போல நயினார் படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கேட்டீங்களா? கல்கத்தாவுல மிஷின் வச்சுக் கணக்குப் போட்டுப் பாத்துட்டான் நம்ம புள்ள. ஐம்பது தைன்னு வந்திருக்குது. இன்னும் இன்னா?"

"அவன் அப்படிச் சொல்லலைங்க. நாம எங்க போய் நிப்போம்னுதான் சொல்றான்" என்றார் நயினார்.

"எங்க போய் நிப்போம்னு தெரிஞ்ச பெறகு, எதுக்கு ஓய் நடந்து போவணும்?"

துரைக்கண்ணு அங்கேயே ஐம்பது என்றான். தாண்டவராயனும். நயினார் கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிவிட்டு, அவரும். தாண்டவராயன் என்னிடம், "குடியரசு தினத்துக்கும் பெப்பர்மிண்ட் குடுத்தாங்களே மாமா, அதை இதோட போட்டுக் கொழப்பிக்கிட்டயா?" என்றான். ஐம்பது தையிலும் கொடுத்தார்கள்தான். அது பச்சை நிறம்.

நான் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குளிர் அதிகம். குழந்தைக்குச் சளி.

உன் நைனா, கைநாட்டு.

*

கல்கத்தா
12-12-65

அன்புள்ள நைனாவுக்கும், இதைப் படித்துச் சொல்லப்போகும் நயினாருக்கும் வணக்கம்.

நான் பெரிய தப்புச் செய்துவிட்டேன். வேப்பமரத்தடியில் ஐந்து பேர் என்று நினைத்துக் கணக்குப் போட்டேன். ஆறாவதாக நான் உட்கார்ந்திருந்தேன். என் கடிதத்தை ஊரே கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் படிக்க மாட்டீர்கள், யாரோ படித்துத்தான் உங்களுக்குச் சேரும் என்று பிறந்ததிலிருந்து தெரியும். ஆனாலும் கணக்கில் என்னைச் சேர்க்க மறந்தேன். சந்தைக்குச் சந்தை கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டியவர்களை ஒரே நாளில் தள்ளிவிட்டேன்.

நயினார், தயவுசெய்து இதையும் மரத்தடியில் படியுங்கள்: என் கணக்குக்குப் பச்சமுத்துவைத் தெரியாது. அவர் எப்போது உழுதார் என்று அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது யார் பிடிவாதக்காரர் என்பது மட்டும்தான்.

நைனா, ராஜாம்பாளைப் பற்றி இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

சுந்தரமூர்த்தி

*

செஞ்சி
20-1-66

தம்பிக்கு ஆசீர்வாதம். பிரதம மந்திரி போனதற்கு இங்கேயும் கடை அடைத்தார்கள். மூன்று நாள் கழித்துப் பொங்கல். ஊர் பொங்கினதும் தெரியவில்லை, அடங்கினதும் தெரியவில்லை.

உன் கடிதத்தை நயினார் மரத்தடியில் படித்தார். யாரும் காது கொடுக்கவில்லை. முடிந்த பேச்சு என்றார்கள்.

ஐந்து பேரும் ஒரு வாய் ஆகிவிட்டோம். ஐம்பது தை. ஆபீசர் மாசி ஏழாம் தேதி கச்சேரியில் விசாரிக்கிறார்.

ராஜாம்பாள் பொங்கலுக்கு முந்தின நாள் அனந்தபுரம் போய்விட்டாள். சம்பந்தியே வண்டி கட்டி வந்து அழைத்துப்போனார். வண்டி நிறையக் கரும்பு. நீ கவலைப்பட வேண்டாம்.

உன் நைனா, கைநாட்டு.

(எழுதினவன் குறிப்பு: சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. சீதளநாதன்.)

*

அனந்தபுரம்
24-1-66

அண்ணாவுக்கு ராஜாம்பாள் எழுதியது. நீ சுகமா? நானும் குழந்தையும் சுகம். அப்படித்தானே எல்லாக் கடிதமும் ஆரம்பிக்க வேண்டும்.

ஆறாம் வகுப்புக்கு அப்புறம் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. தப்பு இருந்தால் சிரிக்காதே. தபால்காரரிடம் நானே கொடுக்கிறேன்.

தீபாவளிக்கு நான் போகவில்லை. அனுப்பினார்கள். "உங்க அப்பன் வாயிலேருந்து ஐம்பதுன்னு வரட்டும். அன்னைக்கு வண்டி வரும்" என்று மாமனார் வாசலில் நின்று சொன்னார். மடத்தில் அந்த நிலத்தைத் தன் சின்ன மகனுக்குக் கேட்டு வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேதான் நின்றார். அதுதான், உன் மச்சான். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மாதம் நைனா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்த மறுநாள் சந்தைக்குப் போனார். திரும்பி வந்து, "துணியெல்லாம் எடுத்து வை" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் வண்டி வந்துவிட்டது.

வண்டி அகழி ஓரமாகப் போனபோது குஞ்சம்மாள் அக்காள் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "போறியாம்மா? நல்லபடியா இரு" என்றாள். அவளுக்குத் தெரியும் அண்ணா. அவள் நிலத்தின்மேல்தான் என் வண்டி ஓடுகிறது என்று தெரிந்துதான் சொன்னாள்.

பத்துப் பங்கு காது என்று எழுதினாயே, நைனாவின் கணக்கில் என்னை எத்தனை பங்கு போட்டிருந்தாய்?

ராஜாம்பாள்

*

கல்கத்தா
3-2-66

ராஜாம்பாளுக்கு,

ஒரு பங்குகூடப் போடவில்லை. நீ என் கணக்கிலேயே இல்லை. என் ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய ஓட்டையை இனி யாரும் காட்டப்போவதில்லை.

இதோடு நைனாவின் முதல் கடிதத்தை வைத்திருக்கிறேன். ஆவணியில் எழுதியது. அப்போது யாரும் யார் பேச்சையும் கேட்டிருக்கவில்லை. ஐந்து பேர் சொந்த ஞாபகமும் அதில் தனித்தனியாக இருக்கிறது. இதை நானே ஆபீசருக்கு அனுப்பலாம். அனுப்ப மாட்டேன். அனுப்பினால் நைனாவைப் பொய்யர் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். உன் வாழ்க்கையையும் நானே தீர்மானித்ததாகும். ஒரு முறை இங்கிருந்து ஊரைத் தள்ளிவிட்டது போதும்.

உனக்கு இஷ்டமிருந்தால், செஞ்சிக்குப் போய் அவருக்கு இதைப் படித்துக் காட்டு. இஷ்டமில்லையென்றால் அடுப்பில் போட்டுவிடு. நான் கேட்க மாட்டேன். படித்தால், ஒரே ஒரு கேள்வி கேள். வருஷத்தைக் கேட்காதே. அந்த மயிலைக் காளை என்ன ஆயிற்று என்று கேள்.

கணக்கில் இன்னொன்றும் உண்டு. பிடிவாதக்காரர் ஒருவர் இருந்தால்தான் எல்லோரும் அவரிடம் போய்ச் சேர்வார்கள். வேறு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதாக ஒருவரும் அசையாமல் நின்றுவிட்டால், ஒரு வாய் ஆகவே ஆகாது.

அண்ணா

*

செஞ்சி
20-2-66

தம்பி சுந்தரமூர்த்திக்கு, உன் நைனா சொல்லச் சொல்ல ராஜாம்பாள் எழுதுவது. கை மாறியிருப்பதைப் பார்த்ததும் உனக்கே தெரிந்திருக்கும்.

அவள் மாசி நாலாம் தேதி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வண்டியில் இல்லை. மாப்பிள்ளை அனந்தபுரம் பஸ் நிற்கிற இடம்வரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அப்பன் பேச்சைத் தாண்டி அவர் நடந்தது அவ்வளவு தூரம். அது எத்தனை பங்கு என்று நீ கணக்குப் போட்டுச் சொல்.

என் கடிதத்தை எனக்கே படித்தாள். பிறகு காளையைக் கேட்டாள்.

தம்பி, உன் கணக்கில் ஒரு தப்பு. நான் நாற்பத்தேழிலிருந்து ஐம்பதுக்கு நகர்ந்ததாகப் போட்டிருப்பாய். நகர்ந்தது வாய்தான். மனசு அந்த ஆடியைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. உன் மிஷினில் வாய்க்குக் கட்டம் இருக்கிறது, மனசுக்கு இல்லை. காளையை நான் மறக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐம்பது அங்கேயே உடைந்துபோயிருக்கும். வண்டி வந்திருக்காது. மூன்று மாதம் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மூச்சு இழுத்ததையும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"உன் வாயில பொய்யா இருக்கறதுக்கா நைனா நான் பொறந்தேன்?" என்று ராஜாம்பாள் கேட்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன்.

நேற்று மாசி ஏழு. கச்சேரியில் நாலு பேர் சொல்லி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நாற்பத்தேழு ஆடிக் கடைசிங்க" என்றேன்.

சம்பந்தி எழுந்துவிட்டார். ஆபீசர் கையைக் காட்டி உட்காரவைத்தார். "இன்னா பெரியவரே, நாலு பேர் ஐம்பதுங்கறாங்க, நீங்க ஒருத்தர் மட்டும்?"

"நாலு பேர் இல்லைங்க, ஒருத்தர். மத்த மூணு பேரு அவர் சொன்னதைக் கேட்டவங்க. நானும் போன மாசம்வரைக்கும் கேட்டவந்தான்."

காளையைச் சொன்னேன். பச்சமுத்துவின் முதல் ஏரில் பூட்டி, பெப்பர்மிண்ட் தின்ற மாடு. காந்தியைச் சுட்ட பதின்மூன்றாம் நாள், அவர் சாம்பலைக் கரைக்கிறார்களென்று ஊரே கடை அடைத்திருந்தபோது, கோமாரி கண்டு அந்த மாடு செத்தது. நாற்பத்தெட்டு தைக் கடைசி. பங்குனிக்கு ஒரு மாதம் முன்னால் செத்த மாடு, ஐம்பது தையில் எப்படி ஏர் இழுக்கும்?

அப்போது நயினார் எழுந்தார். "ஐயா, என் வாக்குமூலத்துல ஐம்பதை அடிச்சிடுங்க. அது நான் கேட்டது. நான் பார்த்தது ஒண்ணுமில்லை" என்றார். உட்கார்ந்துவிட்டார். துரைக்கண்ணு பக்கத்தில் இருந்தவனிடம், "இப்ப எந்த வருஷம் சொல்றாங்க?" என்று கேட்டான்.

உத்தரவு இரண்டு மாதம் கழித்து வருமாம். என்ன வரும் என்று தெரியாது. அதை நீயும் கணக்குப் போட வேண்டாம். சம்பந்தி என்னைப் பார்க்காமல் வண்டி ஏறினார். தாண்டவராயன் அந்த வண்டியில் ஏறவில்லை, நடந்து போனான். குஞ்சம்மாள் வாசலில் நின்றாள். இந்தத் தடவை நான் தலை குனியவில்லை.

கடைசியாக ஆபீசர் கேட்டதையும் எழுதச் சொல்கிறேன். "மாட்டைப் புதைச்சப்ப கூட இருந்தவங்க யாருன்னா இருக்காங்களா? பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அன்றைக்குக் கடப்பாறை பிடித்தது நாலு பேர். பச்சமுத்து, போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் போய்விட்டான். தனகோட்டி, சீனாக்காரன் சண்டை வந்த ஐப்பசியில் போனான். பனமலையிலிருந்து தோல் வாங்க வந்துவிட்டு, பச்சமுத்து அழுததைப் பார்த்து மாட்டை அறுக்க மாட்டேன் என்று தானும் குழி வெட்டின ரத்னம், கொள்ளிடம் உடைந்த வருஷமே போய்ச் சேர்ந்தான்.

இந்தப் பேர்களைச் சொல்லிவிட்டு, "மூணு பேரையும் அடிச்சிடுங்க" என்றேன். "மிச்சம் இருக்குறது ஒருத்தன். எழுதிக்குங்க, முருகையன்."